ஜெபத்துக்குச் சொன்ன காரியம்

நேசையனுக்கு வேலை ரப்பர் வெட்டு. சொந்தமாக மரம் ஒன்றுகூடக் கிடையாது. அமரவிளைக்குத் தெற்கே இரண்டு பேருடைய விளைகளில் முந்நூற்றுச் சில்லறை மரம் அவர் கத்திக்கு. விடியும் முன்னே போய், வெட்டி, பால் எடுத்து, உறைய ஊற்றிவிட்டுக் கைகால் கழுவும்போது மணி பத்தாகும். மற்ற வெட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு சாயாக்கடைக்குப் போவார்கள், இல்லையென்றால் போய்ப் படுப்பார்கள். இவர் வீடு சந்திக்கப் போவார்.

வீடு சந்திப்பு என்றால், சபைக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களைத் தேடிப் போவது. அந்தச் சபையில் அதற்கென்று ஒரு குழுவே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எட்டுப் பத்து பேராக வெள்ளை உடுத்திப் போவார்கள். முற்றத்தில் நின்று இரண்டு பாட்டு, நீளமாக ஒரு ஜெபம், அடுத்த வாரம் வரணும் கேட்டியளா என்று ஒரு வார்த்தை. அதற்குள் வீட்டுக்காரன் பின்வாசல் வழியாக வாழைக்குள் இறங்கியிருப்பான். பெண்சாதி மட்டும் நின்று தலையாட்டுவாள்.

நேசையன் தனியாகத்தான் போவார், அதுவும் வேலை நாளில். முதல் மூன்று தடவை வேதப்புத்தகத்தைத் தொடமாட்டார். குடிக்க வெள்ளம் கேட்பார். அந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறதோ அதில் கை கொடுப்பார். விறகு கீறுகிறவனிடம் கோடாலியை வாங்கி நாலு கீறு கீறுவார். ஆட்டுக்குக் குழை ஒடித்துக் கொடுப்பார். ரப்பர்ப்பால் நாற்றம் அவர் மேலிருந்து போகாது, அதனால் ஆள் வந்தது நூறடி முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் பின்வாசல் வழியாக யாரும் ஓடியதில்லை.

இந்த வெறி அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், அவரும் ஒருகாலத்தில் நின்றுபோனவர்தான். குடித்துக் கெட்டு ஒன்பது வருஷம் சபை வாசலை மிதிக்கவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு ஆள் வந்து ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்ததும் யாரும் கூட்டிவந்து அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுரோட்டில் கனத்த மழை பிடித்தது, கிட்டத்தில் இருந்த கூரை சபைக் கூரை. ஏறி நின்றார். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவர் ஒன்றும் கேட்காமல் சற்றே ஒதுங்கி இடம் விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனுஷன் தெய்வத்தை விட்டுத் தூரமாகிப் போனால் அது அவன் பாடு என்று சொல்கிறவர்களை அன்றிலிருந்து நேசையனுக்குக் கண்ணில் கண்டால் ஆகாது. கிணற்றில் கிடக்கிறவனைப் பார்த்து அவன் பாடு என்று சொல்லிவிட்டுப் போவீர்களா என்று போதகரிடமே கேட்டிருக்கிறார்.

இருபது வருஷத்தில் பதினொரு வீட்டுக்காரர்கள் அவரால் திரும்பி வந்தார்கள். சபை ஆட்கள் குழுவின் நோட்டில் எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள்.

பன்னிரண்டாவது வீடு சஜியுடையது.

சஜி கொத்தனார். பாறசாலைப் பக்கம் எங்கே வீடு எழும்பினாலும் பூச்சுவேலைக்கு அவனைத்தான் விளிப்பார்கள், கை அப்படி. பெண்சாதி ஜிஷா அண்டியாபீசில் முந்திரிப்பருப்புத் தோல் உரிக்கிற வேலை. ஒரே பிள்ளை ஜின்சி, நாலு வயசு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சஜி பிள்ளையை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி வந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு நூறடி இருக்கும்போது கால்வாய் வளைவில் வண்டி கலுங்குச் சுவரில் போய் இடித்தது. பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டது. நாய் குறுக்கே சாடியது என்று சஜி சொன்னான். ஊரும் அந்த நாயைச் சபித்தது.

அடக்கத்துக்குப் பிறகு சஜி சபைக்கு வரவில்லை. வெள்ளை உடுத்த குழு ஒருதடவை போய், தெய்வம் தன் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டது என்று சொல்லி ஜெபித்தது. சஜி ஜெபம் முடியும் முன்னே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை.

நேசையன் போனார். முதல் நாள் சஜி முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் கிணற்றடி இடிந்ததைக் கட்டிக்கொண்டிருந்தான், இவர் சாந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் இவருக்கு சாயா வந்தது. ஜெபிக்கட்டுமா என்று இவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஏழாவது தடவை போனபோது ஜிஷா வேலைக்குப் போயிருந்தாள். துணி துவைக்கிற கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சஜி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. நான் குடிச்சிருந்தேன்.”

நகத்தால் கல்லைச் சுரண்டிக்கொண்டே மேலும் சொன்னான்.

“வேற ஆருக்கும் தெரியாது. ஜிஷாவுக்கும் தெரியாது. ஒம்மகிட்டதான் சொல்லியேன்.”

அவர் அவன் முதுகில் கையை வைத்தார். அரைமணி நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அன்றைக்கு அதுவே போதுமாகவும் இருந்தது. எழும்பும்போது சஜி, ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை வருவேன் என்று சொன்னான். சபைக்கு வருவதைப் பற்றி மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அந்த வாரம் நேசையனுக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயம் பட்டது, விளைக்காரர் ஏசினார். அடுத்தவன் பாரத்தை வாங்கித் தோளில் வைத்தாயிற்று, இறக்கி வைக்க இடமில்லை. பெண்சாதி ரத்னபாய் என்னவென்று இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். அவளிடம்கூட அவர் சொல்லவில்லை. அது நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் நாற்பது பேர் கூடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஜெபக்குறிப்பு கேட்பது வழக்கம். யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மகளுக்கு வரன், காலில் நீர், வெளிநாட்டுக்கு விசா. அன்றைக்கு எல்லோரும் சொல்லி முடிந்தபோது, நேசையன் அண்ணனுக்கு ஜெபிக்க வல்லதும் உண்டா என்று கேள்வி வந்தது.

அவர் எழுந்து நின்றார். ஒரு சகோதரன் உண்டு, என்றார். குடியினாலே, தன் கையாலே, ஒரு பிள்ளை போச்சு. அதைப் பெண்சாதிகிட்ட மறைச்சு வச்சு அவன் உருகிச் சாவுறான். உள்ளதைச் சொல்ல அவனுக்குப் பெலன் வேணும். இவ்வளவுதான் சொன்னார். பேர் சொல்லவில்லை. சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. அழுகிற ஆள் அல்ல அவர். அதைக் கண்டதும் கூட்டம் முழுக்க உடைந்து போயிற்று. கால்மணி நேரம் பெண்கள் கதறி ஜெபித்தார்கள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. யாரும் கேலிக்கோ வம்புக்கோ ஜெபிக்கவில்லை. ஒவ்வொரு கண்ணிலும் வந்தது நிஜமான கண்ணீர்தான்.

கூட்டம் முடிந்து அவரும் ரத்னபாயும் திரும்பி நடந்தார்கள். வீட்டுப் படி ஏறும்போது சொன்னாள்:

“நீரு பேரு சொல்லல்ல. வீட்டு நம்பர சொன்னீரு.”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷத்தில் அந்தச் சபைக் கல்லறையில் வைத்த பிள்ளைக் குழி ஒன்றே ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சஜி வரவில்லை. இவர் கடைசி பெஞ்சில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தது வீணாயிற்று. திங்கள்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார், கால் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. புதன்கிழமை அண்டியாபீசில் ஜிஷாவுக்குப் பக்கத்தில் இருந்து உரிக்கிற ஒருத்தி, ஜெபக்கூட்டத்தில் அழுதவர்களில் அவளும் உண்டு, ஜிஷாவின் தோளில் கைபோட்டாள். நாங்க எல்லாரும் ஒனக்காக ஜெபிக்கோம் மக்கா, நீ அவன மன்னிச்சிரு, எந்த ஆணுதான் குடிக்காம இருக்கான் என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஜிஷா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். வீட்டுக்கு வந்து சஜியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு பெருங்கடவிளையில் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நேசையன் வியாழக்கிழமை போனார். சஜி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“நான் ஒம்மகிட்ட சொன்னேன். நீரு ஊருகிட்ட சொன்னீரு.”

“ஜெபத்துக்காக்கும் மக்கா சொன்னேன்.”

“எனக்க பிள்ள செத்த அன்னைக்குகூட இவ்வளவு பேரு அழல்ல மாமா.” சஜி சிரித்தான், பார்க்கக் கொள்ளாத சிரிப்பு. “ஒமக்குப் பன்னெண்டு தெகையணும். அதுக்கு நான் கிட்டினேன். இனி இந்த முற்றத்தச் சவிட்டாதயும்.”

பதினொன்று என்ற கணக்கை நேசையன் ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை. திரும்பி நடக்கும்போது அது அவருக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

அவர் போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னார். போதகர் நல்ல மனுஷர், சின்ன வயசு, சபையார் அச்சன் என்று விளிப்பார்கள். மறைந்திருந்தது வெளியே வந்ததே, அதில் தெய்வத்தின் கை உண்டு, நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்றார். நேசையனுக்கு அது ஏறவில்லை. வெளியே வரத்தான் வேண்டும், ஆனால் அவன் வாயிலிருந்து அல்லவா வரவேண்டும் அச்சா, நான் அதைத் திருடிவிட்டேன் என்றார். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழும்பி நின்று, ஒரு ஆள் நம்பிச் சொன்னதை நான் கூட்டத்தில் வைத்தேன், அது பாவம், சபையார் மன்னிக்க வேண்டும், அதைப்பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்று சொல்லி, குழுவின் நோட்டைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதனால் என்ன நடந்தது? வெளியே வந்ததும் நாலு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, என்ன ஒரு தாழ்மை என்றார்கள். மூன்று பேர், அந்த ஆள் சஜிதானே என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் முழுக்க அவர் பத்து மணிக்கு சஜி வீட்டு இடவழிவரை போய், கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினார். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி அம்மா மதிலுக்கு அப்பால் நின்று விளித்தாள். சைவக்காரி, ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் ஆனவள். விபத்து நடந்த அன்று முதலில் ஓடிப்போய்ப் பிள்ளையைச் சேலையில் பொதிந்து எடுத்து ஆட்டோவில் ஏறினது அவள்தான். சஜிக்கு இப்போது சோறு கொண்டுபோய் வைக்கிறதும் அவள்தான்.

“நீ கூட்டத்தில கரஞ்சியாமே நேசையா?”

அவர் தலையைக் குனிந்தார்.

“அன்னைக்கு ஆட்டோவில எனக்க தோளில சாஞ்சாக்கும் அவன் வந்தது. அந்த மணம் எனக்கு அறியாதுன்னா நெனச்ச? மூணு வருஷம் ஆச்சு. எனக்க மக்கள்கிட்டகூட நான் பறஞ்சதில்ல.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் யாருக்கு என்ன கிட்டும் என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, நீ அழுத கதையைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அவனுடைய துக்கத்தை எடுத்து நீ உடுத்திக்கொண்டாய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இத்தனைக்கும் அவள் ஒருநாளும் எந்த ஜெபக்கூட்டத்திலும் இருந்தவள் அல்ல.

மறுநாள் நேசையன் பெருங்கடவிளைக்குப் பஸ் ஏறினார். ஜிஷா அக்கா வீட்டு அடுக்களை வாசலில் இருந்து மரச்சீனிக் கிழங்கின் தோல் சீவிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவில்லை. இவர் நின்றார்.

“அது உள்ளதா மாமா?”

“அவன்கிட்ட கேக்கணும் மக்கா. எனக்க வாயில இருந்து அது வரப்பிடாது.”

“நாப்பது பேருட்ட சொல்லலாம். எனக்கிட்ட மட்டும் சொல்லப்பிடாது. அப்படியா?”

ஐம்பத்தாறு வயசு வரைக்கும் எத்தனையோ ஏச்சு வாங்கினவர். இதைப் போல ஒன்றை இதுவரை வாங்கியதில்லை.

ஜிஷா கத்தியைக் கீழே வைத்தாள். அவர் குடித்ததற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை என்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு மணம் அடித்தது, நான் கேட்டேன், குடிச்சியளா என்று. பிள்ளையின் தலையில் கையை வைத்து இல்லை என்றார். செத்துக் கிடந்த பிள்ளை, சூடு ஆறவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவளுக்கு அழுகை தீர்ந்துபோயிருந்தது.

“அவரு வந்து சொல்லட்டு. வேற ஆருக்க வாயும் எனக்கு வேண்டாம்.”

இதை அவனிடம் சொல்லட்டுமா என்று நேசையன் கேட்டார். முன்னெல்லாம் இப்படிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லுங்கள், மற்றதை வேண்டாம் என்றாள்.

சஜி அப்போது பாறசாலை ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு இரண்டு மாடி வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தான். நேசையன் அங்கே போய், சாரத்துக்குக் கீழே நின்று, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னார். சஜி திரும்பவில்லை. மட்டப்பலகை சுவரில் இழுபடுகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது நேசையனின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ரத்னபாயிடமும் சொல்லவில்லை. ஜெபத்திலும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாளும் போனார். வேலை முடிந்து பத்தரை பஸ்ஸில் போய், மணல் குவியல் ஓரமாக உட்கார்ந்து, மதியச் சோற்று நேரம்வரை இருந்துவிட்டு வருவார். சஜி ஒரு சொல் பேசமாட்டான். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினார்கள். மாமா சம்பளத்துக்கு ஆளு சேந்தாச்சா, நாளைக்கு மம்மட்டி கொண்டு வாரும் என்றான் ஒருவன். சும்மா இருக்கிற நேரத்தில் நேசையன் செங்கல் அடுக்கிக் கொடுத்தார். ரயில் போகும்போதெல்லாம் சஜி வேலையை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் நேசையனைத் தினமும் பஸ் ஏற்றியது. ஒரு ஆத்துமாவை மீட்கிறதாக எல்லாம் அவர் இப்போது நினைக்கவில்லை. அவன் தனியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ரயில் போய், ரோட்டில் அடைத்த கேட்டு திறக்கும்வரை இவர் சஜியின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

சபையில் அந்த மாதம் மலைக்காணிக் குடிகளுக்குச் சுவிசேஷம் சொல்ல ஜீப் பிடித்துப் போனார்கள். நேசையனை விளித்தார்கள். வரவில்லை என்றார். மனசு தளர்ந்துபோச்சு போல, அவருக்காக ஜெபிக்கணும் என்று பேசிக்கொண்டார்கள். எங்கே போகிறீர் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இருபதாவது நாள் சஜி மதியத்துக்கு முன்னாலேயே சாரத்தில் இருந்து இறங்கினான். குழாயில் கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான். சட்டையை மாற்றிக்கொண்டு நடந்தான். நேசையன் பத்தடி பின்னால் போனார். நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி ஏறினார்கள். இவன் முன்சீட்டில், அவர் பின்சீட்டில். பெருங்கடவிளையில் இறங்கி அந்த வீட்டுப் பக்கம் திரும்பும்போதுதான் சஜி வாய் திறந்தான்.

“நீரு இங்க நில்லும்.”

நேசையன் ரோட்டோரம் ஒரு வாழைக்குலைக் கடைப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியும், பேச்சு கேட்காது. ஜிஷா வாசலுக்கு வந்தாள். சஜி முற்றத்தில் நின்றபடியே பேசினான். நெடுநேரம் பேசினான். ஒருதடவை வலது கையைத் தூக்கி, வெட்டவெளியில் ஏதோ ஒன்றின் மேல் வைப்பதுபோல வைத்தான். நேசையனுக்கு அது என்னவென்று தெரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தபோது ஜிஷா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிவரை கேட்டாள். நடுவில் உள்ளே போகவில்லை, சத்தம் போடவில்லை. அவன் முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சஜி கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்து நின்றுவிட்டு வந்தான். பஸ் வர அரைமணி நேரம் ஆயிற்று.

“அவ வரமாட்டா மாமா.”

“ம்.”

“நானும் சர்ச்சுக்கு வரமாட்டேன். நீரு அதுக்காக நடக்காதயும்.”

“நான் விளிக்கல்ல மக்கா.”

பஸ் வந்தது, ஏறினார்கள். ஜிஷா இன்றைக்கும் பெருங்கடவிளையில்தான் இருக்கிறாள். சஜியின் பேர் சபைப் பட்டியலில் இருந்து எடுபட்டுப் போனது, மூன்று வருஷம் வராதவர்களை எடுப்பது சபை விதி.

பெருங்கடவிளை போய்வந்த மறுநாள் மழை. மழையில் ரப்பர் வெட்டு கிடையாது. நேசையன் குடையை எடுத்துக்கொண்டு விடிந்ததும் சஜி வீட்டுக்குப் போனார். கேட்டு திறந்து கிடந்தது, வீட்டுக்கதவு அடைத்திருந்தது. உள்ளே பாத்திரம் உரசுகிற சத்தம் கேட்டது, ஆள் இருக்கிறான். அவர் முற்றத்தைச் சவிட்டி ஏறி, கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். தட்டவில்லை, விளிக்கவில்லை. மழை விட மதியம் ஆயிற்று. எழும்பிப் போகும்போது, நாளைக்கு வாறேன் என்று கதவைப் பார்த்துச் சொன்னார். வரவேண்டாம் என்று உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.